பேசும் பெட்டிக்கு ஒரு காலடிப் பலகை

என் மனைவிக்குக் காது மந்தமாகியிருந்ததை ஒரு சனிக்கிழமை காலையில், அவள் கடையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் கண்டுபிடித்தேன். அதற்குள் அது வெகுதூரம் போய்விட்டிருந்தது. தினமும் அவளோடு பேசுகிற எனக்கே தெரியாமல் அவள் அதை மறைத்து வைத்திருந்தாள்.

தாராவியில் தையல் பட்டறைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் ஒரு சந்தில் அவளுக்குப் பொத்தான் கடை. பொத்தான், ஜிப், நூல்கண்டு, எலாஸ்டிக், ஊசி என்று துணியைத் தவிர ஒரு சட்டைக்கு வேண்டிய அத்தனையும் கிடைக்கும். நின்ற இடத்தில் இரண்டு கையையும் நீட்டினால் சுவர் தட்டும், அவ்வளவுதான் அகலம். மூன்று பக்கமும் தரையிலிருந்து கூரைவரை சின்னச் சின்ன மர இழுப்பறைகள். உள்ளே என்ன பொத்தான் இருக்கிறதோ அதில் ஒன்றை வெளியே ஒட்டி வைத்திருப்பாள். எதிரிலும் பின்னாலும் மாடியிலும் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சந்தில் எல்லோருமே சத்தம்போட்டுத்தான் பேசுவார்கள். அவள் சத்தமாகப் பேசியதில் எனக்குச் சந்தேகமே வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்கு வேலை செம்பூரில். மருந்துக் கம்பெனிகளுக்குக் கருவி செய்து கொடுக்கும் சின்ன நிறுவனம். எங்கள் கருவியின் வேலை பிரிப்பது. பொடி அடைத்த எஃகுக் குழாய் ஒன்றின் வழியாக ஒரு கலவையைப் பம்பு வைத்துத் தள்ளும். அந்தக் கலவையில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வேகத்தில் பொடியைக் கடந்து, ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். குழாயின் முடிவில் ஒரு விளக்கு. பொருள் கடக்கும்போது அதன் வெளிச்சம் கொஞ்சம் மங்கும், திரையில் ஓடுகிற கோடு மேடாக எழும். மேடு எழுகிற நேரத்தில் வருகிற சொட்டுகளை மட்டும் ஒரு சின்னக் கை தனிக் குப்பியில் பிடித்துக்கொள்ளும். பெட்டி கட்டி அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு கருவியையும் ஓட்டிப் பார்த்துச் சரி சொல்ல வேண்டியவன் நான். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் அவளுக்கு விளக்கியபோது, "அப்ப நீங்களும் என்னைய மாதிரி கலந்து கெடக்கறதப் பிரிச்சு வைக்கிற ஆளுதான்" என்றாள்.

போனில் பணம் அனுப்பும் பழக்கம் சந்துக்குள் வந்ததும் அவளும் கடை முகப்பில் ஸ்கேன் அட்டை ஒட்டினாள். கொஞ்ச நாளில் பேசும் பெட்டியும் வந்தது. சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. பணம் வந்தவுடன் இத்தனை ரூபாய் வந்தது என்று ஹிந்தியில் ஒரு பெண் குரல் உரக்கச் சொல்லும். எல்லாக் கடைகளிலும் அந்த ஒரே பெண்தான் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அவள் சாப்பிடாமல் போய்விட்டாள் என்று டிபன் எடுத்துக்கொண்டு போனேன். கடையில் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒரு தையல்காரர் நூல் வாங்கி, ஸ்கேன் செய்துவிட்டு, "யக்கா, வந்துச்சா?" என்று கேட்டார். அவள் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். "வந்துட்டு, போ" என்றாள். அடுத்து வந்த பெண்ணுக்கும் அதே பார்வை, அதே பதில். எனக்கு என்னவோ உறுத்தியது. பெட்டி பேசவே இல்லை. எட்டிப் பார்த்தேன். அதன் பச்சை விளக்கு அணைந்திருந்தது. ஜிப் கட்டுகளை அவள் நகர்த்தியதில் ப்ளக் கழன்று கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, பெட்டி செத்துக் கெடக்கு பாரு" என்றேன். அவள் முதுகைக் காட்டி நின்று பொத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். திரும்பவில்லை. இழுப்பறையைச் சாத்திவிட்டுத் தற்செயலாக இந்தப் பக்கம் பார்த்தவள் முகம் மலர்ந்து, "எப்ப வந்தீங்க?" என்றாள்.

நான் குனிந்து ப்ளக்கைச் செருகினேன். அடுத்த ஆள் பணம் அனுப்பினார். பெட்டி அலறியது. தெருவில் போன ஒருவர் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்ற என் மனைவி அந்த ஆளின் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிபனைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்து உட்கார்ந்து யோசித்தால் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நடக்கும்போது எப்போதும் எனக்கு வலப்பக்கம் வந்துவிடுவாள், அவளுடைய இடது காது என் பக்கம் இருக்கும்படி. மகள் போன் செய்தால், "டவர் இல்ல, மெசேஜ் போடு" என்பாள். நான் அடுக்களைக்கு வெளியே நின்று எதையாவது கேட்டால், கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "என்ன?" என்று முகத்தைப் பார்ப்பாள். அதை நான் அவளுக்கு என்மேல் உள்ள அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கடை மூடும் நேரத்துக்குப் போனேன். மெயின் ரோட்டு டீக்கடையில் இரண்டு பேரும் நின்றோம். டீ கிளாஸை வாய்க்கு நேராகப் பிடித்து உதட்டை மறைத்துக்கொண்டு, "நாளைக்கு மீன் எடுக்கவா?" என்று கேட்டேன்.

"ஆமா, நல்ல வெயிலுதான்" என்றாள்.

நான் கிளாஸைக் கீழே வைத்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கண் கலங்கியது. "இனிமே பேசும்போது வாய மறைக்காதீங்க" என்றாள்.

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். அவளுடைய சித்தி ஒருத்திக்கும் இப்படித்தான் ஆனதாம். "சித்திக்கு நல்ல பேரு ஒண்ணு இருந்துச்சு. காது போனதும் அந்தப் பேரும் போச்சு. செவிடி, செவிடின்னேதான் எல்லாரும் கூப்பிட்டாங்க. சாவுற வரைக்கும். எனக்கு நம்ம சந்துல ஒரு பேரு இருக்குல்லா. அது போயிருமோன்னு பயந்துட்டேன்."

"பெட்டி சொல்லுறது எப்படித் தெரியும் ஒனக்கு?"

"பெட்டி எதுக்கு? மொகந்தான். காசு அனுப்புனவன் போனப் பைக்குள்ள போட்டுட்டு வந்துச்சான்னு கேப்பான். அனுப்பாதவன் போனக் கையிலயே வச்சுட்டுக் கேப்பான்."

"ஒன் போன்லயும் மெசேஜ் வருமே?"

"ரெண்டு கை நெறயப் பொத்தான வச்சுக்கிட்டு, கண்ணாடிய மாட்டி, எந்நேரம் மெசேஜப் பாக்க?" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

மாட்டுங்காவில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். நரம்பு தளர்ந்திருக்கிறது, இனி திரும்பாது, கருவி வைத்தால் கேட்கும் என்றார். வைத்தோம். வீட்டில் நன்றாகவே கேட்டது. முதல் நாள் குக்கர் விசில் சத்தத்துக்குத் துள்ளி விழுந்து, பிறகு உட்கார்ந்து அழுதாள். எத்தனை வருஷமாகக் கேட்காமல் போயிருந்ததோ. ஆனால் கடைக்குப் போனதும் அந்தக் கருவி அவளைப் பாடாய்ப் படுத்தியது. அதற்கு மனுஷர் குரலும் மெஷின் சத்தமும் ஒன்றுதான். எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காதுக்குள் கொட்டியது. "தலைக்குள்ள நாலு ஓவர்லாக் மெஷின் ஓடுது" என்று கழற்றி, வெள்ளைப் பொத்தான் இழுப்பறையில் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தகராறு. பல வருஷமாக அவளிடம் வாங்குகிற பட்டறைக்காரர் ஒருவர், எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள், அவசரத்தில் போனைக் கையில் பிடித்தபடியே பணம் அனுப்பியிருக்கிறார். இவள் முகக் கணக்கில் வரவில்லை என்று முடிவுகட்டி, "இன்னும் வரல" என்றிருக்கிறாள். "யக்கா, பெட்டி இப்பத்தான சொல்லிச்சு" என்றாராம் அவர். இவள் பிடிவாதமாக இல்லை என்றிருக்கிறாள். பக்கத்துக் கடைக்காரர், நின்றிருந்த ஆட்கள், மாடிப் பட்டறைப் பெண்கள் எல்லோரும் கேட்டோமே என்றார்களாம். கடைசியில் அந்தப் பட்டறைக்காரரே தணிந்துபோய் மெதுவாகக் கேட்டாராம்: "யக்கா, ஒங்களுக்குக் கேக்கலையா?"

அந்தக் கேள்வியைத்தான் அவள் சரியாகப் புரிந்துகொண்டாள்.

மறுநாள் கடை திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கேட்டால், "யாருக்காவது குடுத்துருவோம்" என்றாள். எங்கள் மகள் அப்போது எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். "மம்மி, நான் தினமும் காலேஜ் முடிச்சிட்டு வந்து உக்கார்றேன்" என்றாள். "நீ ஒன் சோலியப் பாரு" என்று கத்தினாள் இவள். பிறகு தானே போய் மகளுக்குத் தலை வாரிவிட்டாள்.

"டாடி, மம்மிக்குக் காதுல கேக்க வேணாம்" என்றாள் மகள் அன்று என்னிடம். "பாக்ஸ் பேசறப்ப வைப்ரேட் ஆச்சுன்னா போதும். மொபைல் மாதிரி. சிம்பிள் ஹை."

அப்படித்தான் ஆரம்பித்தோம். பெட்டியின் முதுகில், அதிர்வை உணரும் ஒரு பித்தளைத் தகடு. காசு அகலம்தான் இருக்கும், எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற லேமிங்டன் ரோட்டில் கிடைத்தது. காலேஜ் ப்ராஜெக்டுக்கு வாங்கி மீந்திருந்த ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. பழைய சாமான் உடைக்கிற எங்கள் பக்கத்துச் சந்தில், உடைந்துபோன கேம் ரிமோட்டுக்குள்ளிருந்து எடுத்த மோட்டார். பிள்ளைகள் விளையாடும்போது கையில் உதறுமே, அந்த மோட்டார். முதலில் அதை வளையல்போல அவள் கையில் கட்டினோம். மூன்றாவது இழுப்பறையைத் திறப்பதற்குள் வயர் எல்லா இழுப்பறைக் கைப்பிடியிலும் சுற்றிக்கொண்டு அவளையும் கட்டிப்போட்டுவிட்டது. "என்னையக் கட்டிப் போடவா இம்புட்டுப் பாடு?" என்று கேட்டாள். ஆனால் கடையைத் திறந்துவிட்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

வளையலை விட்டுவிட்டுப் பலகை செய்தோம். அவள் நிற்கிற இடத்தில் தரையில் போட ஒரு மரப் பலகை. அடியில் மோட்டாரைத் திருகி, தரையோடு ஒட்டாமலிருக்க நான்கு மூலையிலும் ரப்பர். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். மகள் பெட்டிக்குக் கொஞ்சம் பணம் அனுப்பினாள். பெட்டி பேசியது. பலகை உதறியது. என் மனைவி "அய்யோ, கூசுது!" என்று ஒரு துள்ளு துள்ளி என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாய்விட்டு, சந்து முழுக்கக் கேட்கும்படி. அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

அந்தச் சந்தோஷம் மத்தியானம்வரைகூட நிற்கவில்லை. இழுப்பறையை ஓங்கிச் சாத்தினால் பலகை உதறியது. வாசலில் கைவண்டி ஒன்று இடித்துப் போனால் உதறியது. மாடியில் கட்டிங் மெஷின் போட்டால் நிறுத்தாமல் உதறிக்கொண்டே இருந்தது. "பணம் வந்தா மட்டும் உதறணும்னு சொன்னீங்க. ஊரே வந்துட்டுப் போவுது" என்றாள்.

அதற்கு வழி செம்பூரில்தான் கிடைத்தது. ஒரு நாள் கருவி ஒன்றை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாய்க்குள் காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் எங்களுக்குப் பெரிய தொல்லை. விளக்கின் முன்னால் குமிழி கடக்கும்போது கோடு ஊசிபோல ஒரேயடியாக எழுந்து விழும். பழைய கருவிகள் அதையும் மருந்து என்று நம்பி வெறும் குமிழியைக் குப்பியில் பிடித்துவிடும். எங்கள் புதுக் கருவியில் அதற்கு ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். ஊசி என்றால் விட்டுவிடும். மெல்ல எழுந்து, கொஞ்ச நேரம் நின்று, மெல்ல இறங்கினால்தான் கையை நீட்டும். ஏறின கோடு இறங்காமல் அப்படியே கிடந்தாலும் அதை மருந்தாக எடுத்துக்கொள்ளாது, அழுக்கு என்று தள்ளிவிடும். பல மாதம் அதோடு மல்லுக்கட்டியவர்களில் நானும் ஒருவன். அன்று குமிழி ஒன்று ஊசியாக எழுந்து விழுந்தது, கை அசையாமல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இழுப்பறைச் சத்தம் ஊசி. மாடி மெஷின் இறங்காத கோடு. பெட்டிக்குள் இருக்கிற பெண்ணின் குரல்தான் மேடு.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். நான் முடிப்பதற்குள், "ஓ டாடி! சமஜ் கயி!" என்று, புரிந்துகொண்டு போனை வைத்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க வகுப்பு முடிந்ததும் கடைக்கு வந்து, இழுப்பறையைச் சாத்திப் பார்த்தும், பெட்டியைப் பேசவைத்துப் பார்த்தும், போர்டுக்குள் எழுதியிருந்த புரோகிராமை மாற்றி மாற்றி எழுதினாள். இவள் பலகைமேல் நின்று, "இப்ப இல்ல... இப்ப இருக்கு... இது பொய்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். கைவண்டிக்காரர் ஒருவரை நாங்களே கூப்பிட்டு வாசலில் இரண்டு முறை இடிக்கச் சொன்னோம். எதற்கு என்று கேட்காமல் இடித்துவிட்டுப் போனார். வார முடிவில் பலகை பொய் சொல்வதை நிறுத்திவிட்டது.

தகராறு நடந்ததிலிருந்து அந்தப் பட்டறைக்காரர் சந்தின் மறுகோடியில் நூல் வாங்கிக்கொண்டிருந்தார். கோபமில்லை, சங்கடம். இவளே மாடியேறிப் போய் அவர் பட்டறை வாசலில் நின்றாள். நானும் கூட இருந்தேன்.

"தம்பி, நீ கேட்டது சரிதான். எனக்குக் காது கேக்காது" என்றாள். அதை அவள் வெளியாளிடம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "அன்னைக்கு ஒன்னையப் பொய்க்காரன் ஆக்கிட்டேன். மனசுல வச்சுக்காத."

அவர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். "என்னக்கா இது, மாடி வரைக்கும் ஏறி வந்து... கூப்பிட்டா நான் வரமாட்டேனா?" என்றார். பிறகு அவள் முகத்துக்கு நேராக வந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: "எங்கம்மைக்கும் கேக்காது. எனக்கு இப்படிப் பேசிப் பழக்கம்தான்."

அதன்பின் அவள் யாரிடமும் மறைக்கவில்லை. புதிதாக வருகிறவர்களிடம், "எனக்குக் கேக்காது, மொகத்தப் பாத்துப் பேசு" என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். அவள் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. அவள் பேர் அவளிடமே இருந்தது. யாராவது ஒன்றிரண்டு பேர் முதுகுக்குப் பின்னால் சொல்லியிருக்கலாம். "பின்னாடி சொன்னா எனக்கு எங்க கேக்கப் போவுது?" என்பாள்.

பெட்டிக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் அவ்வப்போது வருவாள். செம்பூர்த் தமிழ்ப் பெண், இங்கேயே பிறந்தவள். ஸ்கூட்டரில் சந்து சந்தாகப் போய்ப் பெட்டிகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. எங்கள் பெட்டியைத் திருப்பியவள் முதுகில் ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்துத் திகைத்துவிட்டாள். "ஆன்ட்டி, பாக்ஸ்ல எதுவும் ஒட்டக் கூடாது. ரூல் இருக்கு. நான் எடுத்துட்டுப் போகணும்."

என் மனைவி அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். பலகையிலிருந்து இறங்கி, அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, "செருப்பக் கழத்திட்டு இதுல ஏறி நில்லு" என்றாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் ஏறி நின்றாள். அவள் இரண்டு காதையும் இவள் தன் உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினாள். நான் போனில் பணம் அனுப்பினேன். அந்தப் பெண் குனிந்து தன் காலைப் பார்த்தாள். இவள் கையை எடுத்த பிறகும் அவள் பலகையைவிட்டு இறங்கவில்லை.

"இன்னொரு தடவை அனுப்புங்க அங்கிள்" என்றாள்.

அந்தத் தடவை போனில் படம் எடுத்துக்கொண்டாள். பெட்டியை எடுத்துப்போகவில்லை. கம்பெனியில் காட்டியதாகவும், பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்று சொன்னதோடு சரி என்றும் அடுத்த மாதம் வந்தபோது சொன்னாள். அவளுக்கு வருத்தம். எங்களுக்கு அவ்வளவு இல்லை. பிறகு பணம் வந்தால் பளிச்சென்று தொகை தெரிகிற சின்னத் திரை வைத்த புதுப் பெட்டி வெளியானது. எங்கள் சந்துக்கு வந்த முதல் பெட்டியை அவள் நேராக இவளிடம்தான் கொண்டுவந்தாள். பழைய பெட்டியின் தகட்டைத் தானே உரித்து, புதிய பெட்டியின் முதுகில் ஒட்டியும் கொடுத்தாள். "நான் எதையும் பாக்கல ஆன்ட்டி" என்று முகத்துக்கு நேராக, உதட்டை நன்றாக அசைத்துச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

திரை வசதிதான், இழுப்பறைப் பக்கம் திரும்பி நிற்காதவரை. அதனால் பலகையும் இருக்கிறது. மாட்டுங்காவில் பூக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கும், காது டாக்டர் சொல்லியனுப்பிய இன்னும் சிலருக்கும் மகள் அதேபோல் செய்து கொடுத்திருக்கிறாள். கல்லூரி முடித்துவிட்டாள். இப்போது எங்கள் செம்பூர் நிறுவனத்திலேயே, எனக்கு இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் டாடி, அங்கே சார்.

கால் வழியாக ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம் என்று கண்டபிறகு என் மனைவி அதைக் கடையோடு நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின்போது கோவிலில் எங்களுக்கு வழக்கமான இடம் பின்வரிசை. போன கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒரு ஞாயிறு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் போனாள். பாடகர் குழு நிற்கிற மர மேடையின் ஓரம்வரை போய் நின்றாள். காதுக் கருவியைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டாள். பாட்டு தொடங்கியது. ஆர்கனின் கட்டைக் குரல் மேடைப் பலகையில் ஏறியபோது, வெறுங்காலை அதில் வைத்துக் கண்ணை மூடினாள். இரண்டாவது அடியில் அவளும் பாட ஆரம்பித்தாள். சுருதி சேரவில்லை. எல்லோரும் முடித்த பிறகும் ஒரு சொல் அவளுக்கு மிச்சமிருந்தது. குழுவில் நின்ற பெண்கள் அவளைப் பார்த்துவிட்டு, அடுத்த அடியை அவளுக்காகக் கொஞ்சம் தாமதித்து எடுத்தார்கள்.